வளர்த்த பவளம்

நுழையும்முன்

கடலடியில் பல ஆண்டுகளாக வளர்ந்த பவளத்தை ஒரே நாளில் பெயர்த்து விற்றுவிடலாம். அதையே நட்டு வளர்த்து விற்பதற்குப் பொறுமையும் கணக்கும் வேண்டும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் இதனைத் தொழிலாகச் செய்வோர் இருக்கின்றனர். அவர்கள் தொழிலின் நுட்பத்தையும், அத்தொழில் ஒருமுறை முற்றிலும் நின்றுபோனதையும் இப்பாடம் விளக்குகிறது.

பழந்தமிழர் பவளத்தைத் 'துகிர்' என்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்து கிடந்த பொருள்களைச் சொல்லிவரும் பட்டினப்பாலை, அவற்றுள் துகிரையும் சேர்க்கிறது. அணிகலனில் பதிக்கும் அச்செம்பவளம் தனி இனம். இங்குப் பேசப்படுவது, ஆழம் குறைந்த வெப்பக்கடல்களில் திட்டுத் திட்டாக வளரும் கல்பவளம். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சிறு கடலையே அமைத்துக் கண்டு மகிழ்வோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மிகப் பலர். அத்தொட்டிகளுக்காக அவர்கள் உயிருள்ள கல்பவளங்களை விலை கொடுத்து வாங்குகின்றனர். நெடுங்காலம் இவ்வணிகத்திற்கான பவளங்கள் கடலிலிருந்து நேரே உடைத்து எடுக்கப்பட்டன. எடுத்த இடத்தில் மீண்டும் அந்த அளவுக்குப் பவளம் வளரச் சில இனங்களுக்குச் சில ஆண்டுகள் போதும். சில இனங்களுக்கு ஒரு மனித வாழ்நாளும் போதாது.

போத்தும் தாயும்

பார்வைக்குக் கல்லாகவோ செடியாகவோ தோன்றினாலும் பவளம் ஓர் உயிரினக் கூட்டம். குன்றிமணி அளவும் அதற்குக் குறைந்த அளவும் உடைய எண்ணற்ற சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணச்சத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் கதிரொளியால் உணவு ஆக்குகின்றன. அதில் பெரும்பகுதி பவளத்திற்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே உணவுக்காக ஊக்கமுடன் இரைதேட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒளியும் ஓடும் நீரும் தூய்மையும் இருந்தால் வளர்ந்துகொண்டே போகும்.

பவள வளர்ப்புத் தொழில் முழுவதும் அதன் இன்னொரு இயல்பின்மேல் நிற்கிறது. முருங்கையின் போத்தை வெட்டி நட்டால் அது தனி மரமாகிறது அல்லவா? புயலில் ஒடிந்த பவளக் கிளையும் அவ்வாறே விழுந்த இடத்தில் பற்றிக்கொண்டு புதுக் கூட்டமாகிறது. வளர்ப்பவர் இதனையே திட்டமிட்டுச் செய்கிறார். அரசு ஒப்புதலுடன் எடுத்த ஒரு பவளத்தைத் தாயாக வைத்து, இடுக்கியால் அதன் கிளைகளை விரல் நீளத்திற்கு வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டையும் சிமெண்ட் வில்லையில் ஒட்டி, எண்ணும் நாளும் பொறித்த சீட்டைக் கட்டி, கடலடியில் சில மீட்டர் ஆழத்தில் வைத்த இரும்பு மேசைகளில் அடுக்குகிறார். விரைந்து வளரும் கிளைப்பவளங்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டிற்குள் விற்பனை அளவை எட்டுகின்றன. உருண்டையாகத் திரளும் இனங்கள் ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வதால், பலர் அவற்றைத் தொடுவதில்லை.

வளர்ந்த துண்டுகள் அனைத்தையும் விற்றுவிடலாகாது. நல்ல நிறமும் வலிவும் உடையவற்றை ஒதுக்கி, அடுத்த தலைமுறைக்குத் தாயாக வைக்கவேண்டும். பெரிய கூட்டமாக வளர்ந்த தாய்ப்பவளத்திற்குச் சந்தையில் மிக உயர்ந்த விலை கிடைக்கும். பணமுடை வரும்போது அதை விற்றுவிடத் தோன்றும். அவ்வாறு விற்ற வளர்ப்பாளர் அடுத்த ஆண்டு மீண்டும் கடலிலிருந்தே பவளம் எடுக்கவேண்டிய நிலைக்கு வருகிறார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிய உழவனின் நிலைதான் அது.

கடலிலும் தொட்டியிலும்

கடலில் வளர்த்தால் ஒளியும் நீரோட்டமும் செலவின்றிக் கிடைக்கின்றன. ஆனால் துண்டுகளைச் சூழ்ந்து பாசி படர்கிறது. மூச்சுக்கருவியுடன் மூழ்கி, ஒவ்வொரு வில்லையையும் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்யவேண்டும். பவளத் திசுவைத் தின்னும் நத்தைகளைக் கையால் பொறுக்கவேண்டும். ஆயிரக்கணக்கான துண்டுகளுக்கு இது முடிவில்லாத வேலை.

நிலத்தில் தொட்டி கட்டி வளர்ப்போரும் உண்டு. கடல் அருகில் இல்லாத நாடுகளில் அதுவே வழி. அங்குக் கடல் இலவசமாகத் தந்தவை அனைத்தையும் மின்சாரம் தரவேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நிற்கவேண்டும். உப்பு ஆயிரத்திற்கு ஏறத்தாழ 35 பங்கும், கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராமும் இருக்கவேண்டும். இவ்வளவுகளைவிட அவை ஏறி இறங்காமல் இருப்பதே முதன்மையானது. புதிதாக வந்த ஒரு துண்டோடு ஒட்டிவரும் தட்டைப்புழு தொட்டி முழுவதையும் அழித்துவிடக்கூடும். எனவே பட்டறிவுடையோர் வெளியிலிருந்து வரும் பவளத்தை மருந்து நீரில் நனைத்து, தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கின்றனர்.

விற்பனையிலும் இடர்கள் உள்ளன. பவளத்தை இரட்டைப் பையில் கடல்நீரும் உயிர்வளியும் நிரப்பி, தெர்மாகோல் பெட்டியிலிட்டு வானூர்தியில் அனுப்புகின்றனர். பெட்டியில் பெரும்பகுதி எடை நீரின் எடை. சரக்குக் கட்டணம் பவளத்தின் விலையை விஞ்சுவதும் உண்டு. வழியில் இறந்தால் இழப்பைப் பெரும்பாலும் விற்றவரே ஏற்கிறார்.

வாங்கியவரே போட்டியாளர்

இவ்வணிகத்திற்கே உரிய ஒரு விந்தை இங்குக் கருதத்தக்கது. அரிய நிறமுடைய பவளம் ஒன்று சந்தைக்கு வந்ததும், விரல் நுனியளவுத் துண்டுக்கும் பெரும்பணம் கொடுக்க ஆர்வலர்கள் முந்துகின்றனர். வாங்கியவர் அதை வளர்த்து, வெட்டி, தாமும் விற்கிறார். அவரிடம் வாங்கியவரும் அவ்வாறே செய்கிறார். சில ஆண்டுகளில் அதே பவளம் எங்கும் கிடைக்கிறது, விலை சரிகிறது. நாற்காலி செய்து விற்பவருக்கு இத்தொல்லை இல்லை. நாற்காலி குட்டி போடுவதில்லை. ஆதலால் ஒரே நிறத்தை நம்பித் தொழில் நடத்துவோர் நிலைப்பதில்லை. விலை மலிந்த எளிய இனங்களை ஆண்டு முழுவதும் சீராக விற்று அன்றாடச் செலவை ஈடுகட்டி, அரியவற்றை ஓரத்தில் வளர்த்துவருவோரே நிற்கின்றனர்.

கணக்கேட்டின் மதிப்பு

கல்பவளங்கள் யாவும் அழிவாய்ப்புடைய உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அவற்றை ஏற்றுமதி செய்ய உரிமச்சீட்டு வேண்டும். கடலில் எடுத்ததா, வளர்த்ததா என்பதைக் குறிக்கும் எழுத்து அச்சீட்டில் இடம்பெறும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பவளத்தைப் பார்த்த அளவில் அதனைச் சொல்லிவிட முடியாது. கடலில் உடைத்த கிளையைச் சிமெண்ட் வில்லையில் ஒட்டிச் சில நாள் வைத்திருந்தால், அதுவும் வளர்த்ததுபோல் தோன்றும்.

2018 மே மாதம் இந்தோனேசிய அரசு பவள ஏற்றுமதிக்கான சான்றுகளை வழங்குவதை நிறுத்தியது. உலகிற்கு மிகுதியான பவளம் அனுப்பிய நாட்டின் கதவு அடைபட்டது. கடலில் எடுத்து விற்றோரோடு பல ஆண்டுகள் வளர்த்து விற்றோரும் ஒருங்கே வருவாய் இழந்தனர். மேசைகளில் பவளங்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. அவற்றைத் தேய்க்கவும் காக்கவும் ஆள் வேண்டும். கூலி கொடுக்க வருவாய் இல்லை. 2020 தொடக்கத்தில் வளர்த்த பவளத்திற்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தை அவரவர் கையிருப்பைக் கொண்டு கடக்க நேர்ந்தது.

இத்தொழிலில் கணக்கேடு எத்துணை முதன்மையானது என்பதை அக்காலம் காட்டியது. எந்தத் தாயிலிருந்து, எந்நாளில், எத்தனை துண்டுகள் வெட்டப்பட்டன, எத்தனை இறந்தன, எவை விற்கப்பட்டன என்பது சீட்டோடும் ஏட்டோடும் ஒத்துவரவேண்டும். வெட்டிய துண்டுகளைவிட விற்ற துண்டுகள் மிகுந்திருந்தால், மீதி எங்கிருந்து வந்தது என்ற வினா எழும். ஏட்டைப் பொய்யாக எழுதுபவர் தம் அண்டை வளர்ப்பாளரின் பிழைப்பையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

இன்னொரு சந்தை

அழிந்த பவளத்திட்டுகளை மீட்க நாற்றுப்போல் பவளம் வளர்த்துத் தருவதும் இப்போது தொழிலாகிவருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் மோட் கடல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் வாகன், தொட்டியில் ஒட்டிக்கொண்ட பவளம் ஒன்றைத் தவறுதலாக உடைத்துவிட்டார். அடியில் எஞ்சிய சிறு துணுக்குகள் செத்துவிடும் என்று கருதினார். அவையோ வியக்கத்தக்க விரைவில் பரவி வளர்ந்தன. மெதுவாக வளரும் இனங்களையும் நுண்துண்டுகளாக்கினால் பல மடங்கு விரைவாக வளர்க்கலாம் என்பது அதனால் தெரியவந்தது. பகாமாசு நாட்டின் கிராண்ட் பகாமா தீவில் சாம் டைச்சர், கேட்டர் ஹால்பர்ன் என்னும் இருவர் இம்முறையைக் கொண்டு 2019இல் 'கோரல் வீட்டா' என்னும் பண்ணையை நிறுவினர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே டோரியன் சூறாவளி பண்ணையைச் சிதைத்தது. மீண்டும் கட்டினர், 2021இல் அவர்களுக்குப் பத்து இலட்சம் பவுண்டு மதிப்புடைய எர்த்சாட் பரிசு கிடைத்தது.

இச்சந்தையில் வாங்குபவர் யார் என்பதே கடினமான கேள்வி. பவளத்திட்டு அலையின் வேகத்தைத் தடுக்கிறது, மீனுக்கு இடம் தருகிறது, சுற்றுலாவை ஈர்க்கிறது. பயன் பலருக்கும் சேர்வதால் பணம் தர யாரும் முன்வருவதில்லை. விடுதிகள், அரசுகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியோரை நோக்கியே இத்தகைய பண்ணைகள் செல்லவேண்டியிருக்கிறது. கடல்நீர் அளவுமீறி வெப்பமடைந்தால், நட்டவையும் பாசியை இழந்து வெளுக்கும்.

இந்தியாவில் கல்பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அதனை எடுப்பதும் விற்பதும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளக்கல் தோண்டப்பட்ட மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனத்தினர் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டுவருகின்றனர். அங்கும் வெட்டுதல், கட்டுதல், எண்ணிடுதல், மூழ்கிப் பார்த்தல் ஆகியவையே வேலை. வளர்ந்த பவளம் கடலிலேயே இருக்கிறது.