பெரிய வண்டியை இறக்க வரும் தம்பிகளுக்கு

ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ மாதிரி பெரிய வண்டியை இறக்கி, அகலமான அலாய் மாட்டித் தரச் சொல்லி மதுரை தல்லாகுளத்துப் பக்கம் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இந்த வேலையைப் பழக வரும் தம்பிகள் முதலில் பார்க்க வேண்டியது வண்டி சுமக்கும் எடையை. தோற்றமெல்லாம் அதற்குப் பிறகு.

1. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்காரரிடம் பேசுங்கள். எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த ரோட்டில் ஓடும் என்று கேளுங்கள். நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் 7.3 கிலோமீட்டரும் வழுக்கிக்கொண்டு போகிற வண்டி, கீழே இறங்கியதும் தெரு வேகத்தடையில் ஏறித்தானே ஆக வேண்டும்? இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். தெருக்காரர்கள் போடுவது அதில் பாதி அகலம்கூட இருக்காது, செங்குத்தாக நிற்கும். ஏழு பேரோடு பொங்கல் பானையும் ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை வழியே குலதெய்வம் கோயிலுக்குப் போகிற வண்டி என்றால், இறக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

2. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, நிறுவனம் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள். அது வராமல் வண்டியை ஜாக்கியில் ஏற்றாதீர்கள்.

3. ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். கேஸ் வைத்துச் சுட்டு உட்கார வைக்கவும் கூடாது. சுட்டால் இரும்பின் பதம் போய்விடும். நாலு மாதத்தில் ஒரு பக்கம் சரியும். வெட்டினால் சுற்று குறைந்து ஸ்பிரிங் விறைக்கும், வெட்டிய முனை தட்டில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த மாடலுக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் மட்டும் போடுங்கள்.

4. 25 மில்லிமீட்டர் போதும். 40-ஐத் தாண்டினால் ஷாக் அப்சார்பருக்கு ஓட இடமிருக்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்.

5. இறக்கினால் உயரம் மட்டும் மாறும் என்று நினைக்காதீர்கள். முன்சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) திசையும் (டோ) மாறும். அலைன்மென்ட் செய்யாமல் விட்டால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியுமளவுக்குத் தேயும். ஃபார்ச்சூனர் மாதிரி பின்னால் ஒரே துண்டான ஆக்சில் உள்ள வண்டியில், ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பி ஒன்று இருக்கும். உடம்பு இறங்கியதும் அது ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளும். இரண்டு பின்டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். அப்போது நீளம் மாற்றக்கூடிய கம்பிதான் போட வேண்டும். சில பழைய வண்டிகளில் பின்பக்க உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. வண்டி இறங்கினால், நிறையப் பாரம் ஏற்றியிருப்பதாகக் கணக்குப் போட்டு அது பின்பிரேக்கை அழுத்திப் பிடிக்கும். மழை ரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதைக் கவனிக்காமல் விடுவதைப் போல ஆபத்து வேறில்லை.

6. சக்கரத்துக்கு முன் கணக்குப் போடுங்கள். 265/60 ஆர் 18 டயரின் மொத்த விட்டம் 775 மில்லிமீட்டர். 265/50 ஆர் 20 போட்டால் 773. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் டயர்ச் சுவர் 159-லிருந்து 132-ஆகக் குறையும். 22 அங்குலத்தில் 265/40 போட்டால் 106-தான். பள்ளத்தின் அடியை வாங்குவது அந்தச் சுவர். அது குறையக் குறைய அடி ரிம்முக்குப் போகும். நம் ஊர் ரோட்டுக்கு 20-க்கு மேல் நான் சம்மதிக்க மாட்டேன். பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் தரையிலிருந்து நிற்கும் உயரத்தை டயரின் விட்டம்தான் தீர்மானிக்கிறது, ஸ்பிரிங் அல்ல. இறக்கிய வண்டிக்குக் குட்டை டயரும் போட்டால் அதுவும் போச்சு.

7. டயரில் உள்ள லோட் எண்ணைப் படியுங்கள். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். 107 என்றால் 975. நாலு டயருக்கும் சேர்த்து 340 கிலோ குறைந்துவிடும். பழைய டயரின் எண்ணுக்குக் கீழே வாங்காதீர்கள். அலாயின் உள்பக்கம் எடை அளவும் தர முத்திரையும் வார்த்திருக்க வேண்டும், இல்லாததைத் தொடாதீர்கள்.

8. ஃபார்ச்சூனருக்கு ஆறு போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 139.7 மில்லிமீட்டர், நடுத்துளை 106.1. துளை பெரிதாக இருந்தால் சரியான வளையம் போட்டு ஹப்பில் உட்கார வையுங்கள். ஆஃப்செட்டைக் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங் தேயும். நட்டின் அடி கூம்பா, தட்டையா என்று பார்த்து அலாய்க்கு ஏற்றதைப் போடுங்கள். டார்க் ரெஞ்சால் முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்குங்கள்.

9. மணல் மூட்டை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்கும் உரசுகிறதா பாருங்கள். ஹெட்லைட்டைச் சரி செய்யுங்கள். திருவிழாவில் அழகருக்கு எதிர்சேவை வருகிறது, அதற்குள் வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். இந்தச் சோதனை முடியாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

10. கழற்றிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாவற்றையும் சீட்டு எழுதி வண்டிக்காரரிடமே ஒப்படையுங்கள். வண்டியை விற்கும்போதும், 15 ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தும்போதும் அவருக்கு அவை தேவைப்படும்.