கண் மஞ்சளாகும் முன்னே



செம்பரம்பாக்கம், பூந்தமல்லி பகுதிகளில் காசநோய்க்கு மருந்து உண்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே உண்கிறார்கள். இம்முறைக்கு வழி காட்டியது நம் சென்னைதான். 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் தங்குகிறவர்களைப் போலவே வீட்டிலிருப்பவர்களும் குணமடைகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. சேத்துப்பட்டிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என நாம் இன்று அறிவது அதுவே.

ஆனால் வீட்டில் நோயாளியைத் தினமும் கவனிக்க மருத்துவர் இல்லை. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று மருந்துகளும் சிலருடைய ஈரலைத் தாக்கக்கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் இது நேரிடும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1997 முதல் 2008 வரை மருந்தினால் ஈரல் கெட்டு வந்த 313 பேரை ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 58 பேருக்குக் காரணம் காசநோய் மருந்துகளே. அந்த 313 பேரில் நூற்றுக்கு 17 பேர் இறந்துபோனார்கள்.

இதை முன்கூட்டியே அறிவது எப்படி? ஈரலின் செல்கள் சிதையும்போது அவற்றிலுள்ள எஸ்.ஜி.பி.டி. என்னும் பொருள் இரத்தத்தில் கசிகிறது. இதன் அளவு சாதாரணமாக 40 யூனிட்டுக்குள் இருக்கும். வாந்தி போன்ற தொல்லையோடு மூன்று மடங்கு ஏறினாலும், தொல்லை இல்லாமலே ஐந்து மடங்கு ஏறினாலும், மருத்துவர்கள் அம்மருந்துகளை நிறுத்துவார்கள். பிலிருபினும் சேர்ந்து ஏறினால் ஆபத்து அதிகம்.

இதில் ஒரு குறை உண்டு. தசை காயப்பட்டாலும் எஸ்.ஜி.பி.டி. ஏறும். ஆகவே தசையோடு குழப்பாமல் ஈரலின் நிலையைக் காட்டும் ஜி.எல்.டி.எச்., எம்.ஐ.ஆர்.-122 போன்ற அடையாளங்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். அவை இன்னும் சாதாரண இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு வந்து சேரவில்லை.

அதுவரை நோயாளியின் உடல் சொல்வதையும் கேட்க வேண்டும். பசியின்மை, குமட்டல், வாந்தி, வலப்பக்க விலாவின் கீழே வலி, கறுத்த தேநீர் போன்ற சிறுநீர் ஆகியவை கண் மஞ்சளாகும் முன்னே வரக்கூடும். சிலர் மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு கீழாநெல்லியும் அரைத்துக் குடிக்கிறார்கள். சிலர் பயந்து மாத்திரைகளை அடியோடு விட்டுவிடுகிறார்கள். முன்னதில் ஈரல் கெடும். பின்னதில் காசநோய் முற்றும்.

செய்ய வேண்டியது இதுதான்: அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, இரத்தம் பரிசோதிக்க வேண்டும். ஈரல் தேறியபின் மருந்துகளை ஒவ்வொன்றாக மறுபடியும் தொடங்குவார்கள். அநேகர் அவ்விதமே சிகிச்சையை முடித்துச் சுகம் பெறுகிறார்கள்.

உங்கள் சபையிலோ தெருவிலோ இம்மருந்து உண்பவர் இருந்தால், தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.