நோட்பேடு போதும், பாப்பா

அன்புள்ள பாப்பா,

தாத்தாவின் தோட்டத்துக் கதைகளை இணையத்தில் போடப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். நீ அனுப்பிய மென்பொருள் பட்டியலையும் பார்த்தேன். அதில் பாதிக்கு மாதாமாதம் வெள்ளி கட்ட வேண்டும். மீதியைத் திறந்தாலே உன் பழைய மடிக்கணினிக்கு மூச்சு வாங்கும். எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். உன் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடு போதும். வரிக்கு வரி எண், நிறம் பிரித்துக் காட்டுவது போன்ற வசதிகள் வேண்டுமானால் நோட்பேட் பிளஸ் பிளஸ் இருக்கிறது. 2003-லிருந்து இலவசம், அளவிலும் சிறியது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கூட்டாளிகள் வேர்ட்பிரஸ் என்பார்கள். உலகத்து இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் வேண்டும், பிஎச்பி வேண்டும், செருகுநிரல்களை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் கண்டவனும் உள்ளே நுழைவான். ஒரு தாத்தா, இருபது கதை, கொஞ்சம் பழைய படங்கள். இதற்கு அது எதற்கு?

நோட்பேடு போதும் என்பதற்குத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் ஊரோடு ஒட்டிய கதை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை நீ கேள்விப்பட்டிருப்பாய். அவர் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். கோலாலம்பூரில் இருந்துகொண்டு 1980-களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டவர். உன் அக்காவின் ஐபோனில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துரு அவர் செய்ததுதான். கடைசியில் நிற்கும் எம்என் அவருடைய தலைப்பெழுத்து.

அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை. ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் கொக்கியும் கோடுமாகத் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் அடித்த அழைப்பிதழைக் கிள்ளானில் திறக்க எழுத்துருவையும் டிஸ்கில் சேர்த்து அனுப்ப வேண்டும். இணையத்துக்குப் பொதுவாக ஒன்று இருக்கட்டும் என்று திஸ்கி வந்தது. தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் என்று வேறு இரண்டை ஏற்றது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தபோதும் இந்தப் பேச்சு ஓயவில்லை. கடைசியில் யூனிகோடு நிலைத்தது.

அந்த மாற்றத்தில் தப்பித்தவர்கள் யார் என்று பார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒரு நல்ல உதாரணம். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்தார்கள். திஸ்கியில் இருந்தவை பிறகு யூனிகோடுக்கு மாறின. எழுத்து வெறும் எழுத்தாகவே கோப்பில் இருந்ததால் மாற்ற முடிந்தது. அந்தப் பக்கங்களில் இன்றும் அலங்காரம் கிடையாது. எந்தக் கைப்பேசியிலும் உடனே திறக்கும். அதே காலத்தில் எத்தனையோ பேர் ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் வண்ண வண்ணமாகப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை மூடினார்கள். தன் கணினியில் நகல் வைத்திருந்தவர் தப்பினார். பக்கம் கட்டப் பலரும் நம்பியிருந்த ஃப்ரண்ட்பேஜ் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2006-லேயே கைவிட்டுவிட்டது. ஆகவே மென்பொருளைப் பார்க்கும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்காதே. நாளைக்கு அது காணாமல் போனால் உன் எழுத்து உன் கையில் இருக்குமா என்று கேள்.

வேலைக்கு வருவோம். தலைப்பு, பத்தி, இணைப்பு, படம் என்று நாலைந்து எச்டிஎம்எல் குறிகளைத் தெரிந்துகொண்டால் உனக்குப் போதும். ஒரு சனிக்கிழமைப் பொழுதில் படித்துவிடலாம். பக்கத்தின் தலைப்பகுதியில் 'சார்செட் யூடிஎஃப்-8' என்ற வரியை மறக்காமல் எழுது. 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்புக்குப் பிறகு நோட்பேடு கோப்பைத் தானாகவே யூடிஎஃப்-8 முறையில்தான் சேமிக்கிறது. உன்னுடையது அதைவிடப் பழையதென்றால், சேமிக்கும் பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் நீயே மாற்று. இல்லாவிட்டால் தாத்தா முழுக்கக் கேள்விக்குறியாகிவிடுவார். வேர்ட்டில் எழுதி 'வெப் பேஜ்' ஆகச் சேமிக்கிற குறுக்குவழி மட்டும் வேண்டாம். பத்து வரிக் கதைக்கு நூறு வரிக் குப்பையை உள்ளே திணித்துவிடும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாக இருக்கும். வைக்காதே. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒன்பது எழுத்தாக நீளும். 'தாத்தா' என்ற ஒரு சொல்லே சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 54 எழுத்துக்கு நீண்டு, வாட்ஸ்அப்பில் பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே பெயர் வை. விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேற்றுமையைக் கண்டுகொள்ளாது. லினக்ஸில் ஓடும் வழங்கி கண்டுகொள்ளும். வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாமல் போனால் முதலில் அங்கே பார்.

ஆயிரம் சொல்லில் ஒரு தமிழ்க் கதை ஏறக்குறைய 25 கிலோபைட்தான். நூறு கதை சேர்ந்தாலும் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் அளவுக்குத்தான் வரும். கனப்பது படம்தான், ஏற்றுமுன் சுருக்கிவிடு. இடத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டுமே இலவசம். டாட் மை முகவரி வாங்குவதெல்லாம் பிறகு யோசிக்கலாம். முழுத் தொகுப்பையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து அம்மாவின் அலமாரியில் போட்டு வை.

முதல் கதையை ஏற்றுமுன் தாத்தாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு. தோட்டங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் அவரே சரிபார்க்கட்டும். அப்புறம் முகவரியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா