சுவரைக் கேட்டுவிட்டு ஸ்குரூ வாங்குங்கள்

தோட்டத்து லயன் வீடுகளில் சுவர் என்றால் பெரும்பாலும் பலகைதான். இடுப்பளவுக்குக் கல் எழுப்பி அதற்கு மேல் பலகை அடித்த வீடுகளும் உண்டு. நாள்காட்டியோ சாமி படமோ, எதை மாட்டவும் கைக்கு அகப்பட்ட ஆணியும் சுத்தியலும் போதும். சுங்கை சோ, செரண்டா, பத்தாங்காலி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிவந்தவர்கள், தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். புதுச் சுவரில் சாமி மேடை மாட்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

"காங்கிரீட் ஆணி இருக்கும்போது ட்ரில் எதற்கு?"

பலகைக்குள் இறங்கும் ஆணியை மரத்தின் நார் இறுகப் பிடித்துக்கொள்ளும். சிமெண்டில் நார் ஏது? கெட்டியாக்கிய எஃகு ஆணி தன்னைச் சுற்றியுள்ள பூச்சை நொறுக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறது. வயர் ஓடும் மெல்லிய சட்டத்துக்கு அது போதும். வெளிப்பக்கம் இழுக்கும் பாரத்துக்கு அதை நம்பக் கூடாது. அந்த ஆணி வளைவதைவிட ஒடிந்து தெறிப்பதே அதிகம் என்பதால் கண்ணாடி போடாமல் அடிக்கவும் கூடாது.

"சுவரெல்லாம் ஒன்றுதானே!"

இல்லை. தூணும் உத்திரமும் காங்கிரீட்டாக இருக்கும். இடையில் நிற்பது செங்கல்லோ சிமெண்டுக் கல்லோதான். மேலே பூசி, சாயம் அடித்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் சுவர் முழுவதையுமே காங்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள்.

எந்தச் சுவர் என்பதை ட்ரில் தூளே சொல்லிவிடும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் மணல் மணலாக எளிதில் கொட்டினால் சிமெண்டுக் கல். மாவுபோல் வெள்ளையாக, பிட் வழுக்கிக்கொண்டு இறங்கினால் இலகு பிளாக். துளையில் செருகி ஸ்குரூ ஏற்றும் பிளக்கில் அதற்கென்று தனி ரகம் விற்கிறது. சாம்பல் தூள் மெல்ல மெல்ல வந்து, கை அதிர்ந்து, பிட் சூடேறினால் அது காங்கிரீட். எனவே முதலில் ஒரு சிறு துளை, அதன் பிறகு கடை. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஸ்குரூமேல் பழி போடுகிறார்கள்.

"இறங்காவிட்டால் இன்னும் அழுத்து"

வீட்டில் இருக்கும் சாதாரண ஹேமர் ட்ரில்லுக்குள் பற்கள் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. நிமிடத்துக்கு 40,000 அடிகூட விழும், ஆனால் ஒவ்வொன்றும் சின்ன அடி. ரோட்டரி ஹேமர் நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான் அடிக்கும். உள்ளே காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் அடிப்பதால் ஒவ்வொரு அடியும் காங்கிரீட்டை உடைக்கும். செங்கல்லுக்கு முதலாவது போதும். தூணிலும் உத்திரத்திலும் இரண்டாவதுதான் வேலைக்கு ஆகும், அதையும் லேசாகப் பிடித்தால் போதும். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிட் திடீரென்று நின்றுவிட்டால் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் முட்டியிருக்கும். அறுத்துக்கொண்டு போகப் பார்க்காமல் துளையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் கீழேயும் ட்ரில்லைக் கொண்டுபோகவே வேண்டாம். வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

"தடித்த ஸ்குரூ போட்டால் விழாது"

தடிப்பைவிட நீளம் முக்கியம். அதிலும் கல்லுக்குள் போகும் நீளம்தான் கணக்கு. 20 மில்லிமீட்டர் பலகை, சுவரில் 20 மில்லிமீட்டர் பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கேட்டு வாங்கும் 2 அங்குல ஸ்குரூவில், அதாவது 50 மில்லிமீட்டரில், கல்லுக்குள் போவது 10 மில்லிமீட்டர் மட்டும். மீதியெல்லாம் பூச்சிலும் பலகையிலும் தங்கிவிடுகிறது. பூச்சு எந்தப் பாரத்தையும் தாங்காது. கல்லுக்குள் 50 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 90 மில்லிமீட்டர் ஸ்குரூ வாங்க வேண்டும். பிளக்கும் பூச்சைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். பலகையையும் சுவரையும் ஒரே மூச்சில் துளைத்துச் செருகும் நீள பிளக்குகள் இதற்கென்றே வந்தவை. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட்தான். ஒரு சுற்றுப் பெரிய துளை போட்டுவிட்டு இறுக்கிக்கொண்டே இருந்தால் பிளக்கும் கூடவே சுற்றும். துளைக்குள் தங்கும் தூளைக் கைப்பம்பால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதினால் கண்ணிலும் நெஞ்சிலும்தான் போகும்.

அடுத்தது யாரும் போடாத கணக்கு. 30 சென்டிமீட்டர் அகல மேடை. குத்துவிளக்கும் சாமி சிலையும் சேர்த்து 15 கிலோ. பாரம் சுவரிலிருந்து சராசரியாக 15 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. கீழே தாங்கும் பிராக்கெட்டின் உயரம் 10 சென்டிமீட்டர்தான் என்றால், மேல் ஸ்குரூக்களை வெளியே இழுக்கும் விசை 22 கிலோவைத் தாண்டும். அதே பிராக்கெட் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் அது ஏழரைக் கிலோ. போல்ட்டுக்குச் செலவழிக்கும் காசை உயரமான பிராக்கெட்டுக்குச் செலவழியுங்கள்.

"கட்டை ஆப்புதான் அசல்"

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பிளக் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்க அதுதான் வழி: சுவரில் குழி வெட்டி, மர ஆப்பை இறுக்கி, அதில் ஸ்குரூ போடுவார்கள். 1911 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைப் பாழாக்காமல் மின்சாமான் பொருத்த வேண்டியிருந்தபோது, ஜான் ரௌலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல் நாரை விலங்கு இரத்தத்தில் ஒட்டி ஒரு குழாய் செய்தார். அதுதான் ரௌல்பிளக். இன்று நாம் கைநிறைய வாங்கும் நைலான் பிளக்கை ஜெர்மனியில் ஆர்தர் ஃபிஷர் 1958இல் கொண்டுவந்தார். மர ஆப்பு ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஸ்குரூ தளரும். தளர்ந்த துளையில் தீக்குச்சி திணிப்பதும் அதே கதைதான். தப்பான துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை போடுவதே மேல்.

"ஆங்கர் போல்ட் போட்டால் யானை தொங்கும்"

கெட்டிக் காங்கிரீட்டில் சரி. விரிந்து நெருக்கும் போல்ட் செங்கல்லைப் பிளந்துவிடும். காங்கிரீட்டிலும் விளிம்பிலிருந்து போல்ட் தடிப்பின் பத்து மடங்கு தள்ளியே போடலாம்: 10 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 10 சென்டிமீட்டர். செங்கல் சுவருக்கு நைலான் பிளக்கே பொருத்தம்.

"துருப்பிடிக்காது, வெள்ளி நிறமாச்சே"

மின்பூச்சு போட்ட ஸ்குரூவில் துத்தநாகம் சில மைக்ரான் தடிப்பே இருக்கும். சூடாக முக்கி எடுத்ததில் அதுபோல் பல மடங்கு. சுங்கை சோவில் கூடத்துச் சுவரில் வருடக்கணக்கில் நிற்கும் ஸ்குரூ, கோலசிலாங்கூர் கடலோரம் பாசிர் பெனம்பாங்கில் உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்பேறும். அங்கே வெளிப்புற வேலைக்கு ஸ்டெயின்லெஸ், அதிலும் 316 ரகம். செம்பு மருந்து ஏற்றிய மரமும் சாதாரண ஆணியை அரித்துவிடும்.

"கல்வீட்டில் கறையான் வராது"

ஒரு மில்லிமீட்டர் விரிசல் போதும், தரையிலிருந்து ஏறி வந்துவிடும். நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது ரப்பர் கட்டை. ஒரு காலத்தில் புகைக்கூடத்து விறகாகப் போனது, இன்று போரான் மருந்து ஏற்றி நாற்காலி மேசை ஆகிறது. அந்த மருந்து ஈரத்தில் கரைந்து வெளியேறும் என்பதால் குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரில் ரப்பர் கட்டை வேண்டாம். வேறு எந்த மரமானாலும் பலகையைச் சுவரோடு ஒட்டவிடாமல் ஸ்குரூவில் தடித்த வாஷர் கோர்த்து 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று போகும், கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறினாலும், விளக்குத் துடைக்கும் வெள்ளிக்கிழமைகளில் அது கண்ணில் படும்.