சிவப்பு விளக்கில் எஞ்சின் ஏன் அணைகிறது?

மாணவர்களே, சிவப்பு விளக்கில் கார் நிற்கிறது. எஞ்சின் குலுங்குகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிவிடுகிறது. பின்னால் நிற்பவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். என் பழைய காருக்கு இப்படி நேர்ந்தபோது ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன். சரியாகவில்லை. பெட்ரோல் பம்பை மாற்றினேன். அப்போதும் சரியாகவில்லை. பல நூறு வெள்ளி செலவான பிறகுதான் காரணம் தெரிந்தது: விரிசல் விட்ட ஒரு சிறிய ரப்பர் குழாய்! உற்றறியாமல் முடிவுக்கு வந்தது என் தவறு.

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று தேவை: காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் தீப்பொறி. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை சுற்றுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிதல் நடக்கும். நான்கு சிலிண்டர் என்றால் நிமிடத்துக்கு 1,500, அதாவது விநாடிக்கு 25 எரிதல். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் நான்கில் ஓர் உந்துதல் இல்லாமல் போகிறது. அதுதான் குலுக்கல்.

இனி துப்பறிவோம். முதல் கேள்வி: எப்போது குலுங்குகிறது?

1. நிற்கும்போது குலுங்கி, வேகமெடுத்தால் சரியாகிறதா? காற்றுக் கசிவு இருக்கலாம். நிற்கும்போது த்ரோட்டல் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். அதனால் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட மிகக் குறைவு. விரிசல் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கிறது. வேகமெடுக்கும்போது உள்ளே போகும் காற்று மிகுதி. கசிவு அதில் சிறு பங்காகிவிடுகிறது.

2. குளிர்சாதனத்தைப் போட்டதும் அணைகிறதா? எஞ்சினின் சுமை கூடியும் அதற்கேற்ற காற்று கிடைக்கவில்லை. த்ரோட்டலில் கரி படிந்திருக்கலாம்.

3. மேடு ஏறும்போதும் திணறுகிறதா? தீப்பொறியையோ எரிபொருளையோ சந்தேகிக்கலாம்.

இப்போது ஒரு பரிசோதனை. காரின் கணினி பி0301 என்ற குறியீட்டைக் காட்டுகிறது. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று பொருள். மெக்கானிக் முதல் சிலிண்டரின் தீப்பொறிச் சுருளையும் மூன்றாவதன் சுருளையும் இடம் மாற்றிப் பொருத்தி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு எஞ்சினை ஓட்டுகிறார். குறியீடு பி0303 ஆனால் குற்றவாளி அந்தச் சுருள்தான். பி0301 ஆகவே இருந்தால் சுருள் நிரபராதி; அடுத்துப் பிளக்கைச் சோதிக்கலாம். சுருளின் இடம் தற்சார்பு மாறி. குறியீடு சார்பு மாறி. மற்றவை எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதால்தான் விடை தெளிவாகிறது.

ஓர் எச்சரிக்கை. ஓடும் காரில் எஞ்சின் அணைந்தால் பிரேக் உதவி ஓரிரு மிதிப்புக்கே தாங்கும்; பிறகு பெடல் இறுகும், ஸ்டீயரிங்கும் கனக்கும். பதற்றப்படாமல் பலமாக மிதித்து ஓரம் கட்ட வேண்டும். மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

சிந்தியுங்கள்: இதே எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால் விநாடிக்கு எத்தனை எரிதல்? ஒரு சிலிண்டர் பழுதானால் எத்தனை குறையும்?

(விடை: 100, 25)