வயலும் வழக்கமும்

மக்கள் எங்கு வாழினும் அவர்தம் வாழ்க்கை நிலத்தோடும் நீரோடும் பிணைந்தே இயங்குகின்றது. பனி நாட்டார்க்கு ஒருவகை உடையும் உறையுளும், பாலை நிலத்தார்க்கு வேறொரு வகை உடையும் உறையுளும் அமைகின்றன. இஃது எளிதிற் புலப்படும் உண்மையாகும். ஆயின், வழிபாடும் விழாவும் ஊர்க்கூட்டமும் நிலத்தோடு தொடர்புடையனவோ? இவ்வினாவை ஆராய்வோர் மானிடவியல் அறிஞர் ஆவர். ஜூலியன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்க அறிஞர், 1955-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், பண்பாட்டுச் சூழலியல் என்னும் இத்துறையின் நெறிகளை விளக்கியுள்ளார்.

இவ்வறிஞர்கள் இருந்த இடத்தில் இருந்தவாறே முடிவு கூறுவதில்லை. தாம் ஆராயும் மக்களோடு நெடுநாள் உடன் வாழ்வர். அவர்தம் மொழியைக் கற்பர். என்ன விதைக்கின்றனர், எப்பொழுது விதைக்கின்றனர், அதனை முடிவு செய்வோர் யாவர் என்று கேட்டறிவர். நீரையும் விளைவையும் அளந்து குறிப்பர். கேட்டதும் கண்டதும் அளந்ததும் ஒத்துள்ளனவா என்று பார்த்த பின்னரே முடிவுக்கு வருவர். இதற்குப் பாலித் தீவு ஒரு சிறந்த சான்றாகும்.

இந்தோனேசியாவில், ஜாவாவுக்குக் கிழக்கே உள்ளது பாலித் தீவு. அங்கு எரிமலைச் சரிவுகளில் நெல்வயல்கள் படிப்படியாக அமைந்துள்ளன. ஒரே கால்வாயின் நீரைப் பெறும் உழவர்கள் கூடிய சங்கத்திற்குச் 'சுபக்' என்று பெயர். சுபக்குகள் நீர்க்கோயில்களில் கூடி, நடவு நாளையும் நீர்ப் பங்கீட்டையும் முடிவு செய்யும். பாத்தூர் ஏரியின் தெய்வமாகிய தேவி டானுவே நீரை அருளுகின்றாள் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

1970-க்குப் பின்னர், விளைச்சலைப் பெருக்க விரும்பிய அதிகாரிகள் புதிய நெல்வகைகளைப் புகுத்தினர். கோயில் முறைப்படி காத்திராமல், இயன்றபோதெல்லாம் பயிரிடுமாறு உழவர்களைத் தூண்டினர். முதலில் விளைவு பெருகியது. பின்னரோ, நீர்ப் பங்கீடு குலைந்தது. புகையான் பூச்சியும் எலியும் பெருகிப் பயிரை அழித்தன. நஞ்சு தெளித்தும் பயன் விளையவில்லை. பூச்சிகளை உண்டு வாழும் உயிர்களும் அந்நஞ்சால் மடிந்தன.

இதன் காரணத்தை ஆராய்ந்தவர் ஸ்டீபன் லான்சிங் என்னும் மானிடவியல் அறிஞர். பரந்த நிலப்பரப்பில் எல்லாரும் ஒருங்கே அறுவடை செய்து வயலைத் தரிசாக விட்டால், பூச்சிகள் உணவின்றி மடியும். ஆயின், ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே நாளில் நட்டால் நீர் போதாது. இவ்விரண்டு தேவைகளையும் சீர்தூக்கி, இன்ன பகுதியார் இன்ன காலத்தில் நடுக என்று வகுத்தவை நீர்க்கோயில்களே. மேல்மடையார் கீழ்மடையார்க்கு நீர் விடுவதிலும் ஒரு காரணம் இருந்தது. கீழ்மடையார் காலம் தவறி நட்டால், அங்கே பெருகும் பூச்சி மேல்மடையையும் தாக்குமன்றோ?

லான்சிங், சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, ஓஸ், பெதானு ஆறுகளைச் சார்ந்த 172 சுபக்குகளின் நிலையைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சுபக்கும் தனித்து நடும் முறையிலும், எல்லாம் ஒரே நாளில் நடும் முறையிலும், கோயில்களின் அளவில் ஒருங்கிணைந்து நடும் முறையே மிகுந்த விளைவு தரும் என்று அக்கணக்குக் காட்டியது. 1993-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர், 2012-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் சுபக் நிலப்பகுதியை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

பழைய வழக்கம் யாவும் நன்மையே பயக்கும் என்பது இதன் பொருளன்று; புதுமை யாவும் தீது என்பதும் அன்று. ஒரு வழக்கத்தை மாற்றப் புகுமுன், அஃது எந்நிலத்தில், எத்தேவையால் எழுந்தது, அதனைக் கைவிட்டால் உடன் கெடுவன எவை என்று அம்மக்களிடமே கேட்டு ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராயாமையின் இழப்பை ஏற்றவர், திட்டம் வகுத்தோர் அல்லர். வயலில் உழைத்த உழவரே ஆவர்.