டைனமோவைத் திருப்பிப் போட்டா மோட்டர்: வீட்டில கட்டுற இ-பைக்குக்கு ஒரு பாடம்



இந்தக் கிழமை எபிசோட்டில பழைய சைக்கிளை இ-பைக் ஆக்குறது பற்றிக் கதைச்சம். காதால கேட்கிற இலக்கங்கள் மனசில நிக்காது. அதனால இந்தக் கடிதத்தில அதையே கணக்கோட எழுதியிருக்கிறம். சுருக்கமா சொன்னா விசயம் இதுதான்: டுசல்டோர்ஃப் மாதிரித் தட்டையான ஊருக்கு 250 வாட் காணும். அதுக்கு மேல போனா உங்கட பற்றரிக்கும் நட்டம், உங்கட எதிர்காலத்துக்கும் நட்டம் வரலாம்.

1. முதல்ல வீட்டில கேளுங்கோ

1990களில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை. கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, ரேடியோவுக்குப் போடுற பற்றரியும் தடைசெய்த சாமான். அப்ப சனம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில வந்த கரண்டில ரேடியோ கேட்டது. செய்தி நேரத்துக்கு ஒராள் சுத்த, மற்ற ஆக்கள் சுத்தி இருந்து கேட்பினம். உங்கட அம்மா, அப்பா, மாமா ஆரையாவது கேளுங்கோ, கனபேருக்கு அது நினைவிருக்கும்.

அந்த டைனமோவுக்குள்ள இருக்கிறது ஒரு காந்தமும் ஒரு கம்பிச்சுருளும்தான். காந்தம் சுத்தினா சுருளில கரண்ட் வரும். இப்ப அதைத் திருப்பி யோசியுங்கோ: சுருளுக்குக் கரண்ட் குடுத்தா காந்தம் சுத்தும். அதுதான் மோட்டர். சில்லின் நடுவில பூட்டுற ஹப் மோட்டரில சுருள் அச்சோட அசையாமல் இருக்கும், காந்தங்கள் ஒட்டின வெளிவளையம் சுத்தும். எந்தச் சுருளுக்கு எப்ப கரண்ட் போகவேணும் எண்டதைக் கொன்ட்ரோலர் தீர்மானிக்கும்.

வித்தியாசம் அளவில மட்டும்தான். சைக்கிள் டைனமோ வழக்கமா 6 வோல்ட், 3 வாட். இ-பைக் மோட்டர் 250 வாட், கிட்டத்தட்ட 80 மடங்கு.

2. எத்தனை வாட் வேணும்?

ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ, நிமிர்ந்து இருந்து ஓட்டுறீங்கள் எண்டு வைப்பம். காற்றில்லாத சமதரையில 25 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறக்குறைய 170 வாட் வேணும்: 120 வாட் காற்றைத் தள்ள, 50 வாட் ரயர் உருள. சாதாரண ஆள் ஒருவரின்ர கால் 100 வாட் தரும். மிச்சம் 70 வாட்டைத்தான் மோட்டர் தரவேணும்.

5 சதவீத ஏற்றத்தில 15 கிலோமீற்றர் வேகத்தில ஏறினா எடையைத் தூக்க மட்டும் 200 வாட் கேட்கும். கிராஃபென்பெர்க் பக்கம் ஏறினாலும் 250 வாட் மோட்டரும் உங்கட காலும் சேர்ந்து அதைச் சமாளிக்கும்.

இப்ப 45 கிலோமீற்றர் வேகம். காற்றுக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏத்தமாதிரிக் கூடும். வேகம் 1.8 மடங்கு, சக்தி 5.8 மடங்கு. 120 வாட் 700 வாட் ஆகிடும். 2017 ஜூலை 1இல டூர் டி பிரான்ஸ் எங்கட ஊரிலதான் தொடங்கினது. மழைக்குள்ள 14 கிலோமீற்றரை 16 நிமிசம் 4 செக்கனில ஓடி ஜெரன்ட் தோமஸ் வென்றார். சராசரி 52 கிலோமீற்றர். அவர் உலகத் தர வீரர், உடம்பை மடிச்சுப் படுத்தமாதிரி இருந்து ஓடினவர். நீங்கள் ஜக்கெட்டோட, பின்னால பையோட நிமிர்ந்து இருந்து அந்தப் பக்கம் போகப் பாத்தா பற்றரிதான் விலை குடுக்கும்.

இதால என்ன லாபம்? 8 கிலோமீற்றர் தூரத்துக்கு 25இல 19 நிமிசம், 45இல 11 நிமிசம். சிக்னலில நிக்கிற நேரத்தையும் சேர்த்தா அந்த 8 நிமிசத்திலயும் பாதி போயிடும்.

3. பற்றரி: இதில விளையாட வேண்டாம்

ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். பத்தைத் தொடராப் போட்டா 36 வோல்ட், முழுச் சார்ஜில 42. ஒவ்வொரு வரிசையிலயும் 3.5 அம்பியர்-மணி செல் நாலை இணையாப் போட்டா 14 அம்பியர்-மணி. மொத்தம் 40 செல். 36 × 14 = 504 வாட்-மணி. நிண்டு நிண்டு ஓடுற நகரத்தில கிலோமீற்றருக்கு 10 வாட்-மணி செலவு எண்டு பாத்தா 50 கிலோமீற்றர் வரும்.

பழைய லப்டொப் செல்லைக் கழட்டி ஒட்டுற வீடியோக்கள் பாத்திருப்பீங்கள். அதில உள்ள ஆபத்து இதுதான். பிஎம்எஸ் எண்டு சொல்லுற பாதுகாப்புப் பலகை ஒவ்வொரு வரிசையின்ர வோல்டையும் பாக்கும். ஆனா இணையா இருக்கிற நாலு செல்லுக்கும் வோல்ட் ஒண்டுதான். அந்த நாலில ஒண்டு உள்ளுக்குப் பழுதாகினா பிஎம்எஸ்ஸுக்கு அது நேரத்தோட தெரியாது. ஒரு செல் சூடேறிப் பத்தினா பக்கத்துச் செல்லும் பத்தும்.

அதனால எங்கட ஆலோசனை: மோட்டர், கொன்ட்ரோலர், வயரிங் எல்லாம் நீங்களே செய்யுங்கோ. பற்றரியை மட்டும் சோதனைச் சான்றோட உள்ள முழுப் பொதியா வாங்குங்கோ. அதோட மூண்டு விதி:

- படிக்கட்டிலயும் வெளிக்கதவுக்குப் பக்கத்திலயும் சார்ஜ் போடாதேங்கோ. நெருப்பு வந்தா வெளிய ஓடுற வழி அதுதான்.
- நித்திரை கொள்ளுற நேரம் சார்ஜில விடாதேங்கோ.
- பூச்சியம் பாகைக்குக் கீழ சார்ஜ் போடாதேங்கோ. செல்லுக்குள்ள லித்தியம் உலோகமாப் படியும், திருப்பி எடுக்க ஏலாது. குளிருக்கால வந்த பற்றரியை அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் போடுங்கோ.

4. பூட்டுறது

மோட்டர் சில்லை ஒரு பக்கம் சுத்த, அச்சு மற்றப் பக்கம் திரும்பப் பாக்கும். முன் ஃபோர்க் அலுமினியம் எண்டா அச்சு அதின்ர வாயை உடைச்சுக்கொண்டு வெளிய வரலாம். இரும்பு ஃபோர்க்கைத் தெரிவுசெய்யுங்கோ, கட்டாயம் டோர்க் ஆர்ம் போடுங்கோ. அது அச்சைத் திரும்ப விடாமல் பிடிக்கிற ஒரு இரும்புக் கை, சின்னச் சாமான்தான்.

பெடல் சென்சர் கட்டாயம். பெடல் நிண்டா மோட்டரும் நிக்கவேணும். பிரேக் பிடிச்ச உடன கரண்டை வெட்டுற சுவிச்சும் போடுங்கோ. மோட்டர் வர முதலே நல்ல பிரேக் இருக்கோணும்.

5. சட்டம்: வடிவா வாசியுங்கோ

ஜேர்மன் சட்டப்படி உங்கட வண்டி சைக்கிளா இருக்கவேணும் எண்டா: தொடர் சக்தி 250 வாட்டுக்கு மேல இல்லை, 25 கிலோமீற்றரில உதவி நிக்கவேணும், பெடல் நிண்டா உதவியும் நிக்கவேணும். பெடல் மிதிக்காமல் மோட்டரால மட்டும் போறது 6 கிலோமீற்றர் வரைக்கும்தான்.

இதில ஒண்டைத் தாண்டினாலும் அது மோட்டர் வாகனம். அனுமதி, காப்புறுதித் தகடு, லைசென்ஸ் எல்லாம் தேவை. கார் லைசென்ஸ் இருக்கிற ஆளுக்கும் காப்புறுதி இல்லாமல் ஓடுறது குற்றம். பார்க்கிங் தண்டம் மாதிரிக் கட்டிப்போட்டு மறக்கிற விசயம் இல்லை: காசுத் தண்டனை, அல்லது ஒரு வருசம் வரைக்கும் சிறை.

எங்கட ஆக்களுக்கு இதில இன்னொரு பக்கமும் இருக்கு. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருக்கேக்க உங்கள்மேல குற்ற விசாரணை நடந்தா, அது முடியுமட்டும் முடிவு தள்ளிப்போகும். ஒரு த்ரொட்டில் வயருக்காக அம்மா அப்பா வருசக்கணக்கா ஒழுங்கா வச்ச ஃபைல் நிக்கிறதை யோசிச்சுப் பாருங்கோ.

அதோட ரைன் கரையில ஒரு வயசான ஆளோட மோதினா, வீட்டில இருக்கிற ஹஃப்ட்ப்ஃலிஷ்ட் காப்புறுதி மோட்டர் வாகனத்துக்குப் பொதுவாக் காசு தராது. அவரின்ர ஆசுப்பத்திரிச் செலவு உங்கட தலையில விழும், கனகாலத்துக்கு.

6. முதல் ஓட்டம்

முதல் நாள் வெறும் பார்க்கிங்கில பத்துத் தரம் பிரேக் பிடியுங்கோ. பிறகு அச்சு நட்டைத் திருப்பி இறுக்குங்கோ. அடுத்த நாள் பழைய நகரத்தில இருந்து ரைன் கரையால கைசர்ஸ்வெர்த் வரைக்கும் போங்கோ. போய்வர ஏறக்குறைய 20 கிலோமீற்றர். சனம் நடக்கிற கரைப்பாதையில மெதுவா. போகேக்க எதிர்காற்று எண்டா வரேக்க அதுவே தள்ளும். கணக்கில போட்ட காற்று எவ்வளவு பெரிய ஆள் எண்டு அப்ப விளங்கும்.

வீட்டுப்பாடம்

பற்றரியில இருந்து போன வாட்-மணியை ஓடின கிலோமீற்றரால பிரியுங்கோ. பத்துக்குக் கீழ வந்தா உங்கட கால் நல்லா வேலை செய்யுது. பதினைஞ்சுக்கு மேல வந்தா முதல்ல ரயர் காத்தைப் பாருங்கோ, பிறகு பிரேக் உரசுதோ எண்டு பாருங்கோ. வந்த இலக்கத்தை எங்களுக்கு எழுதுங்கோ. வீட்டில ஆராவது டைனமோ ரேடியோ சுத்தினவை எண்டா, அந்தக் கதையையும் அவையின்ர குரலிலயே பதிஞ்சு அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில போடுவம்.